பழைய மெஷினில் ஒரு மழை

கூடத்தின் நடுவில் அந்தப் பெட்டி அப்படியே உட்கார்ந்திருந்தது.

போன வாரம் பிறந்தநாளன்று என்ன நிலவரமோ, இன்று விடிந்தும் அதே நிலவரம்தான். இரண்டு மகள்களும் சேர்ந்து அப்பாவின் பிறந்தநாளுக்குப் புத்தம்புது கம்ப்யூட்டர் கொண்டுவந்தார்கள். அதற்குள் இருக்கிற, திரைக்குப் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டு மட்டுமே ஒரு செங்கல் கனம். அப்பா பெட்டியைப் பார்த்தார், மகள்களைப் பார்த்தார். “இருக்கிறது போதும்” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

காலையில் டீயோடு வந்த மூத்தவள் பெட்டியில் இடித்துக்கொண்டு முட்டியைத் தேய்த்தாள்.

“இன்னும் பிரிக்கலையா?” என்று கேட்டுக்கொண்டே இளையவள் தலையைப் பின்னியபடி வந்தாள்.

“பிரிக்கிறதாவது! ஈரத் துண்டை அது மேல காயப்போட்டுட்டுப் போயிருக்காரு.”

“ஐயோ, உள்ளே தண்ணி போகும்க்கா!” இளையவள் பாய்ந்துபோய்த் துண்டை எடுத்தாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் என்றால் பெற்ற பிள்ளை மாதிரி. கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாள். பாகம் பாகமாக வாங்கி, கேட்கிறவர் ஆசைக்கும் கைக்கும் தக்கபடி கோத்துக் கொடுப்பாள்.

மூத்தவள் வேலை பார்ப்பது வீடியோ கேம் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில். அங்கே அவள் பொறுப்பு தண்ணீர். ஆறு, குளம், குட்டை, கண்ணாடி டம்ளரில் ததும்புகிற நாலு மடக்கு, எல்லாம் அவள் கைவேலை.

அவள் சேர்ந்த புதிதில் கேமில் தண்ணீர் என்றால் நீலத் துணியை விரித்த மாதிரி இருக்கும். கார்டுகள் வளர்ந்தன, துணியில் அலை வந்தது. இன்னும் வளர்ந்தன, அலைமேல் நுரை வந்தது. நுரைக்கு நடுவே கரை விளக்கின் பிம்பம் வந்து நடுங்கியது. மெஷினெல்லாம் இரண்டு மடங்கு வேகமாகிவிட்டதே, இனிமேல் படம் திக்காமல் ஓடும் என்று ஆடுகிறவர்கள் மூச்சு விடுவதற்குள், மூத்தவள் மாதிரி ஆட்கள் மூன்று மடங்கு பாரத்தை ஏற்றிவிடுவார்கள். அப்புறம் எல்லாரும் இளையவளின் கடைப் படியேறுவார்கள். அக்காள் பசியைக் கிளப்பினாள், தங்கை பரிமாறினாள்.

“பெரிய பீரோ வாங்கினா வீட்டுல துணி குறையுமா?” என்பாள் இளையவள். “பீரோவுக்குத் தக்க துணி தானா சேரும். அதுதான் எங்க அக்கா பொழைப்பு.”

இந்த முறை மூத்தவள் ஏற்றியிருந்த பாரம், மழை.

அது ஒரு படகு விளையாட்டு. ஒரு படகுக்கு இரண்டு பேர். ஒருவர் படகைத் திருப்புகிற சுக்கான் பிடிக்க வேண்டும், ஒருவர் துடுப்பு போட வேண்டும். அடுத்த வாரம் வருகிற அப்டேட்டில் அந்த ஆற்றின்மேல் மழைக்காலம் வருகிறது. துளி விழுகிற இடத்தில் வட்டம் விரியும். வட்டத்துக்குள் விளக்கொளி உடைந்து சேரும். எல்லாம் அந்தந்த நொடியில் கணக்குப் போட்டு வரைவது. பழைய கார்டுகளுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி இல்லை, சோளப்பொரிக்கு முன்னால் யானையையே கொண்டுவந்து நிறுத்துகிற வேலை.

அப்பா அறையிலிருந்து வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உட்கார்ந்து பழகிய உடம்பு. அம்மா போன பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டது.

“அந்த மழை எப்ப வருது?” என்று கேட்டார், டீயைப் பார்த்துக்கொண்டே.

“அடுத்த வாரம்ப்பா. எந்த மெஷின்ல எல்லாம் ஓடும்னு இன்னிக்கு சாயங்காலம் நம்ம குட்டியோட கடையில வச்சு சொல்லப்போறோம். ஆடியும் காட்டுவோம்.”

“பழசுல ஓடாதா?”

“ஓடாதுப்பா. அதுக்குத்தானே இவ்வளவு பெரிய பெட்டி வந்து உக்காந்திருக்கு.”

“ம்” என்றார் அப்பா. பிறந்தநாள் கொண்டாடினவர் முகமாக அது இல்லை. துண்டைத் தேடி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“பிடிவாதம்” என்றாள் இளையவள்.

“பழசு விட மனசு வரல” என்றாள் மூத்தவள்.

இரண்டு பேரும் சொன்னது தப்பு. அது தெரிய மத்தியானம் வரைக்கும் ஆயிற்று.

*

கம்பெனியில் அன்று யாருக்கும் தரையில் கால் பாவவில்லை. பெரிய திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. எல்லாரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன்முன் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி திரைக்கு அருகே போய், தன்னை மறந்து உள்ளங்கையை நீட்டினார். கை நனையவில்லை என்றதும் அவரே சிரித்துவிட்டார்.

அவருக்கு ‘அவசரம்’ என்று பெயர். எந்தச் செய்தி அனுப்பினாலும் கடைசியில் அந்தச் சொல்லைப் போட்டுத்தான் முடிப்பார். புரோகிராம் எழுதுகிறவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். காரணம் சொல்லவே வேண்டாம்.

“ரெண்டு வருஷத்துக்குள்ள வந்த கார்டு இருக்கணும். அதுக்குக் கீழ கிடையாது. இதான் முடிவு” என்றார் அவசரம்.

“கீழ இருக்கிறவங்க?” என்று கேட்டார் நிதானம்.

“நூத்துக்குப் பத்து பேரு. ஓடற பஸ்ஸை நிறுத்தி நிறுத்தியா எல்லாரையும் ஏத்த முடியும்? நீ என்னம்மா சொல்றே?”

மூத்தவள் தலையாட்டினாள். தன் மழையைத் தானே கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவள், அந்தப் பத்துப் பேரை நினைக்கவில்லை. எத்தனை மாத உழைப்பு! அதைக் குறைத்துக் காட்டு என்றால் எந்தத் தாய்க்கு மனசு வரும்?

சாப்பாட்டு வேளைக்கு வாசலிலிருந்து செக்யூரிட்டி கூப்பிட்டார். “மேடம், உங்க அப்பா வந்திருக்காரு.”

அப்பா இந்தப் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை. படியிறங்கி ஓடினாள். அவர் பைக்குகள் நிறுத்தியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், சிமென்ட் திட்டில், பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரைப் பார்க்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“என்னப்பா? உடம்புக்கு ஏதாவது...”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. உக்காரு.”

உட்கார்ந்தாள். அவர் ஒவ்வொரு பைக்காகப் பார்த்தார்.

“படகுல ரெண்டு பேர் வேணும்ல?”

“ஆமா.”

“நான் சுக்கான். துடுப்பு போடறது வேற ஒருத்தங்க.”

“சரி. யாரு?”

“தெரியாது.”

“தெரியாதா? எத்தனை நாளா ஆடறீங்க?”

“ஒரு வருஷம் இருக்கும். நான் அவங்களைத் துடுப்புன்னு கூப்பிடுவேன். அவங்க என்னைச் சுக்கான்னு கூப்பிடுவாங்க. இதே ஊருதானாம். பல் ஆஸ்பத்திரியில வரவங்களுக்கு டோக்கன் கொடுக்கற வேலை. நாள் முழுக்க வாயைத் திறந்து வச்சிருக்கிறவங்களையே பாக்கறேன், ஒருத்தரும் பேச மாட்டேங்கறாங்கன்னு எழுதினாங்க.” சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நான் ஒரு எழுத்தை எங்கன்னு தேடிக் குத்தறதுக்குள்ள அவங்க ஒரு கதையே சொல்லி முடிச்சிருப்பாங்க.”

மூத்தவள் அப்பாவையே பார்த்தாள். இந்தச் சிரிப்பை அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் இது தினமும் நடந்துகொண்டிருந்திருக்கிறது!

“அவங்க மெஷின் என்னோடதை விடப் பழசு” என்றார் அப்பா. “மழை வந்தா அது தாங்காதாம். ‘நான் கரையேறிடறேன், நீங்க நல்ல துடுப்பாப் பாத்துக்கோங்க’ன்னு எழுதிட்டாங்க. அதுக்கு மறுநாள் நீங்க ரெண்டு பேரும் பெட்டியைக் கொண்டாந்து இறக்கறீங்க. அதை வச்சுக்கிட்டு நான் தனியா எங்கே போறது? சுக்கானை மட்டும் பிடிச்சுக்கிட்டு நடு ஆத்துல நிக்கறதா?”

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லப்பா.”

“என்னன்னு சொல்றது? துடுப்புன்னு ஒருத்தங்க இருக்காங்கன்னா?”

இருவருமே சிரித்தார்கள்.

அப்பா எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். “உன் மழையைக் குறை சொல்லல. நேத்து உன் லேப்டாப்புல எட்டிப் பாத்தேன். நிஜ மழை தோத்துடும். முடியும்னா பாரு. முடியாட்டி விட்டுடு. கேட்டுப் பாத்தேன், அவ்வளவுதான்.”

பஸ் நிறுத்தத்தை நோக்கி அவர் நடந்தார். மூத்தவள் படியேறினாள், ஒரே மூச்சில் ஏறினாள்.

*

“பழைய தண்ணி இருக்கா?” என்று கேட்டாள் நிதானத்திடம்.

“எந்தப் பழசு?”

“மழைக்கு முந்தினது. சாதா கார்டுல ஓடினது.”

“இருக்கு. நான் எதையும் அழிக்கிறதில்ல” என்று தன் வாழ்க்கையின் பெருமையே அதுதான் என்பதுபோல் சொன்னார் அவர்.

அவள் யோசனை இதுதான். ஒவ்வொரு துளிக்கும் கணக்குப் போட வேண்டாம். விரிகிற வட்டத்தை வெவ்வேறு அளவில் சில படங்களாகக் கையால் வரைந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினால் கண் அதை அலை என்றே எடுத்துக்கொள்ளும். விளக்கின் பிம்பத்தையும் மெஷின் கண்டுபிடிக்க வேண்டாம். அவளே தலைகீழாக ஒரு விளக்கு வரைந்து தண்ணீருக்கடியில் மாட்டிவிடுவாள். மெஷினுக்கு வேலை இல்லை, வேலையெல்லாம் அவளுக்கு. கார்டுகள் சின்னதாக இருந்த நாட்களில் எல்லாரும் செய்த கண்கட்டு வித்தை. கார்டுகள் பெரிதாகப் பெரிதாக, தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள்.

“காலையில தலையாட்டினது நீதானே?” என்றார் அவசரம்.

“ஆட்டினேன் சார். இப்ப நிறுத்திட்டேன்.”

“சாயங்காலம் அறிவிப்பு!”

“அதுக்குள்ள ஓட்டிக் காட்டறேன். நல்லா இல்லைன்னா நீங்க சொன்னபடியே அறிவிச்சுடுங்க.”

செக்யூரிட்டி மேஜையில் வருகிறவர் போகிறவர் பெயரைப் பதிய ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கம்பெனியிலேயே கிழடு அதுதான். அதைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். மூத்தவள் வட்டங்களை வரைந்தாள். கை முதலில் தயங்கியது, பிறகு சைக்கிள் மாதிரி தானே பிடித்துக்கொண்டது. நிதானம் அன்று ஒருநாள் மட்டும் தன் பெயருக்குத் துரோகம் செய்துவிட்டு, விரல் தெறிக்கத் தட்டினார்.

முதல் தடவை ஓட்டியபோது மழை பெய்தது. வட்டமும் விரிந்தது. ஆனால் தண்ணீரில் அல்ல, படகுக்காரன் மொட்டைத் தலையில்!

அறையே அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து ஒருத்தி நாற்காலியிலிருந்து நழுவினாள். “அப்படியே விட்டுடலாம் மேடம், நல்லாத்தான் இருக்கு!” என்றார் செக்யூரிட்டி.

சரிசெய்து மறுபடி ஓட்டினார்கள். வட்டம் தண்ணீருக்கு இறங்கியது. கிழட்டு மெஷின் விசிறியை இரைய விட்டுக்கொண்டு, ஆனால் ஒரு இடத்தில்கூடத் திக்காமல், ஆற்றை ஓட்டிக் காட்டியது. தலைகீழ் விளக்கு நடுங்கியது.

அவசரம் குனிந்து பார்த்தார். பெரிய திரையைத் திரும்பிப் பார்த்தார். வித்தியாசம் தெரியத்தான் செய்தது. பெரிய திரையில் இருந்தது மழை. இதில் இருந்தது மழையின் ஓவியம். ஆனால் பார்க்கப் பார்க்க நனைகிற மாதிரிதான் இருந்தது.

“அந்தப் பத்து பேரும் ஏறிடுவாங்களா?”

“ஏறிடுவாங்க சார். பஸ்ஸை நிறுத்தவே வேண்டாம், கொஞ்சம் மெதுவாப் போனாப் போதும்.”

அவர் கன்னத்தைச் சொறிந்தார். “சரி, ரெண்டையும் போடு” என்றார். பிறகு பழக்க தோஷத்தில், “அவசரம்!” என்றார்.

மூத்தவள் முதலில் அப்பாவைக் கூப்பிட்டாள். “உங்க துடுப்பை சாயங்காலம் கடைக்கு வரச் சொல்லுங்க. மெஷினையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அதுலேயே ஓட்டிக் காட்டலாம்.”

“சிபியுவைத் தூக்கிட்டு வாங்கன்னு ஒரு பொம்பளைகிட்ட எப்படிச் சொல்றது? என்ன நினைப்பாங்க?”

“படகையே தள்ளறவங்கப்பா, ஆட்டோவுல வர மாட்டாங்களா?”

அடுத்து தங்கையைக் கூப்பிட்டாள்.

“அடிப்பாவி!” என்றாள் இளையவள். “‘பழைய மெஷினுக்கு விடை கொடுங்கள்’னு வாசல்ல போர்டு வச்சுட்டேன்! கார்டு எல்லாம் அடுக்கி வச்சிருக்கேன். நீ கடைசி நேரத்துல கவுத்துட்டியே!”

“புது மழையைப் பாத்தவங்க உன் கார்டைக் கேட்காமப் போவாங்களா? அது போகட்டும். விஷயம் வேற. அப்பாவுக்கு ஒரு துடுப்பு இருக்கு.”

“என்ன இருக்கு?”

சொன்னாள். மறுமுனையில் குபீரென்று சிரிப்பு. “நம்ம அப்பாவா? கதவைச் சாத்திட்டு இதைத்தான் பண்ணிட்டிருந்தாரா? இரு, இரு, போர்டை மாத்தறேன்!”

*

சாயங்காலம் கடையில் நிற்க இடமில்லை. வாசல் போர்டில் ‘விடை’ என்ற சொல்லின்மேல் காகிதம் ஒட்டி, ‘பழைய மெஷினுக்கு மழை கொடுங்கள்’ என்று எழுதி வைத்திருந்தாள் இளையவள். ஒரு பக்கம் புது கார்டு போட்ட மெஷினில் நிஜ மழை. அதைப் பார்த்து வாயைப் பிளந்தவர்கள், கண்ணாடி அலமாரியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். நாலைந்து பேர் விலை கேட்கவும் தொடங்கிவிட்டார்கள்.

“சொன்னேன்ல?” என்று கண்ணால் கேட்டாள் மூத்தவள்.

அப்பா வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. தலையைப் படிய வாரியிருந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை; எதையாவது செய்ய வேண்டும் என்று எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து, அதிலேயே சிக்கிக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நல்ல உயரமாக, கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் இறங்கினார். கையில் போர்வையால் சுற்றிய சிபியு, தொட்டில் குழந்தை மாதிரி.

“இங்கே... சுக்கான்னு ஒருத்தர்...” என்று கேட்டுவிட்டு, கேட்ட கேள்வி தமக்கே வேடிக்கையாக இருந்ததால் நிறுத்திக்கொண்டார்.

“நான்தான்” என்றார் அப்பா, தோளில் வயரோடு.

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். “நான் நீங்க இன்னும் வயசானவரா இருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“ஏன்?”

“அவ்வளவு மெதுவா டைப் பண்றீங்களே!”

கூட்டம் சிரித்தது. எல்லாரையும்விட அப்பா உரக்கச் சிரித்தார்.

இளையவள்தான் அந்த சிபியுவைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே இருந்த தூசியை ஊதித் தள்ளி, வயரெல்லாம் சொருகினாள். “இது இன்னும் உயிரோட இருக்கிறதே அதிசயம்” என்று முணுமுணுத்தாள். விசிறி மாவு மில் மாதிரி இரைந்தது. திரை கறுத்தது. கறுத்தபடியே நின்றது. மூத்தவள் திரையருகே குனிந்தாள். செக்யூரிட்டி மெஷினில் ஓடியது சரி, இதில் ஓடாவிட்டால்?

திரையில் ஆறு வந்தது. ஒரு துளி விழுந்தது. வட்டம் விரிந்தது. பிறகு மளமளவென்று மழை.

“அட!” என்றார் அந்த அம்மாள்.

பக்கத்து மெஷினில் அப்பா உட்கார்ந்தார். படகு கிளம்பியது. ஒரு வருஷம் எழுத்தில் பேசிக்கொண்டவர்கள் இப்போது வாயால் பேசினார்கள். ஆனால் பழக்கம் விடவில்லை.

“இடப்பக்கம் பாறை, சுக்கான்!”

“பாத்துட்டேன், பாத்துட்டேன். நீங்க துடுப்பை நிறுத்தாதீங்க!”

“நிறுத்தறதா? இந்த மழையிலயா?”

படகு பாறையை உரசாமல் வளைந்தது. கடைக்குள் கைதட்டல் எழுந்தது. அவசரம் தன் மகளுக்குக் கல்யாணம் முடிந்த மாதிரி எல்லாரிடமும் கை குலுக்கினார். மூத்தவளுக்குத் தன் புது மழைமேல் இருந்த ஆசை கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அவள் அதைப் பார்க்கவில்லை. கையால் வரைந்த வட்டங்களின் வெளிச்சத்தில் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தச் சந்தோஷத்தைப் பங்குபோடத் தங்கையைத் தேடினாள். கல்லாவில் இல்லை. வாசலில் இல்லை.

கடைக்குப் பின்னால் காலிப் பெட்டிகள் போட்டு வைக்கிற அறையில் இருந்தாள் இளையவள். ஒரு மானிட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பளிச்சென்று இருந்த மானிட்டர்.

“குட்டி? என்னடி ஆச்சு?”

“ஒண்ணுமில்லக்கா.” மூக்கை உறிஞ்சினாள். “எனக்கு சந்தோஷமாத்தான் இருக்கு. சத்தியமா. அப்பா அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல, அம்மா இருந்தப்ப தவிர. அதான்... அழுகை ஏன் வருதுன்னு தெரியல.”

மூத்தவள் அவள் கையிலிருந்து துணியை வாங்கி வைத்தாள். முன்பக்கத்தில் படகு கரை சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. பெரிய ஆரவாரம் கேட்டது.

“குட்டி!” அப்பாவின் குரல். “எங்கே போயிட்டே? இங்கே வா. இவங்க உன்னைப் பாக்கணுமாம்!”

“வரேன்ப்பா!”

இளையவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். அறை வாசலில் தொங்கிய திரைச்சீலைவரை போய்விட்டாள். அதில் கையும் வைத்துவிட்டாள். அப்புறம் திரும்பினாள்.

“அக்கா, நான் அவங்களை என்னன்னு கூப்பிடறது?”

மூத்தவளும் வந்து திரைச்சீலையில் கை வைத்தாள்.